உனைசி பொருத்திய குரல்

செத்துப்போன அபிசாயைப் பேசவைத்து, அவர் தம்பியை மன்னிக்கவைத்தாள் உனைசி என்று நம் தீவின் நவுசோரி சந்தையில் ஒரு பேச்சு உண்டு. மீன் வரிசையில் கேட்டால், கம்ப்யூட்டரில் கிழவரின் குரலைச் செய்தாள் என்பார்கள். அங்கிருந்து கீரை வரிசைக்குப் போவதற்குள் பேச்சு வளர்ந்துவிடும். பிணவறைக்கே போய் உதட்டை அசைத்துப் படம் பிடித்தாளாம். பஸ் நிலையத்துக்கு வந்து சேரும்போது கிழவர் எழுந்து உட்கார்ந்து, ஒரு சிரட்டை யங்கோனா வேர்ச்சாறு வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பப் படுத்திருப்பார்.

நடந்தது இதைவிட ருசியானது. பஸ் எப்படியும் இப்போதைக்கு வராது, கேட்டுவிட்டே போகலாம்.

உனைசியின் இடம் ரொட்டிக் கடைக்கு மேலே ஒரே அறை. மின்விசிறி இறக்கையில்கூட மாவு படிந்திருக்கும். அவளுடைய மாமன் மகன் லைசெனியாதான் அவளுக்குக் கேமரா பிடிக்கிறவன். மச்சான் முறை என்பதால் இருவரும் ஒருவரை ஒருவர் வாராமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதையாகப் பேசிக்கொண்டால், யார் செத்தார்கள் என்று ஊர் விசாரிக்கும்.

"கீழ வேகுது, மேல உப்புது" என்பான் அவள் உடம்பைப் பார்த்து.

"நீ வேகாத மாவுடா. அதான் உன்னை ஒருத்தியும் வாங்கல" என்பாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்யாணம், முதல் பிறந்த நாள், இருபத்தொன்றாம் பிறந்த நாள், சாவு, சபைப் பாடகர் போட்டி என்று எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவார்கள். மூன்று கேமரா அனுப்புவாள். ஒன்று முக்காலியில் நின்று மொத்த வீட்டையும் பார்க்கும். ஒன்று லைசெனியா பிடிப்பது, அது முகங்களைப் பார்க்கும். மூன்றாவது சாப்பாட்டுப் பக்கம் இருக்கும். மரவள்ளியும் பன்றியும் தெரியாத வீடியோவை நம் ஊரில் யார் மதிக்கிறார்கள்? ஆனால் இவை ஒன்றிலும் குரல் ஒழுங்காக விழாது. தகரப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும். அதனால் சின்ன ரெக்கார்டர் ஒன்றைப் பேசுகிறவர் பக்கத்தில் பாயின்மேல் வைத்துவிடச் சொல்வாள். படம் மூன்று இடத்தில், குரல் வேறு இடத்தில், நான்கும் ஓட ஆரம்பித்தது வெவ்வேறு நேரத்தில். நான்குக்கும் பொதுவாக ஒரு நொடியைக் கண்டுபிடித்து அங்கே முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு தள்ளி விழுந்தால், போதகர் வாயை மூடிய பிறகு ஆமென் வரும்.

இதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்கள். கேமராவில் விழுந்த சத்தத்தையும் ரெக்கார்டர் சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்துவிடுமாம். நிஜந்தான், செய்யும். தகரக் கூரையில் மழை அடித்தால் கம்ப்யூட்டருக்கு எல்லாமே மழை. அப்போது இந்த ரொட்டிக் கடைப் படிதான் ஏற வேண்டும். அப்படி ஏறியவர்கள் ரேவா ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள்.

சபைப் பாடகர் குழுவில் அவள் கீழ்க்குரல் பாடியவள். பாட்டு நடத்துகிறவரையே நடுப்பாட்டில் திருத்தியதால் இரண்டு முறை வெளியே அனுப்பினார்கள். இரண்டு முறையும் அவர்களே வந்து கூட்டிப் போனார்கள். அந்தக் காதுதான் அவள் முதல். நீளமான பாட்டுகளில் ரெக்கார்டர் கொஞ்சங் கொஞ்சமாகப் படத்தை முந்திக்கொண்டு ஓடும். கடைசிச் சரணத்தில் குரல் முதலில் வரும், வாய் அப்புறம் திறக்கும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுமே தவிர என்னவென்று தெரியாது. அவளுக்குத் தெரியும். மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து வெட்டி, இழுத்து உட்கார வைப்பாள். வெட்டிய இடத்தை இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

காது போதாத இடத்தில் கண். "உதட்டைப் பாரு. உதடு ஒட்டாம 'ம' வராது, 'ப' வராது. பொய் சொல்றவனுக்கும் ஒட்டித்தான் ஆகணும்" என்பாள். அடக்கம் என்பது அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "எனக்கு ஈடா ஒருத்தி இருந்தா கூட்டிட்டு வா, நானே டீ போட்டுத் தரேன்" என்பாள். அவள் கையால் டீ குடித்தவர் யாருமில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் வுனிசேய் ஊர் கவிழ்க்கப் பார்த்தது.

வுனிசேய் ஆற்றின் மேல்பக்கம். அங்கே அபிசாய் அண்ணன், விலிகேசா தம்பி. அண்ணன் ஆசையாக வாங்கிய படகு இஞ்சினைத் தம்பி ஒரு நாள் இரவல் கேட்டு மாட்டிக்கொண்டு போனான். திருகாணியைச் சரியாக முறுக்கவில்லை. ஆற்றின் நட்டநடுவில் இஞ்சின் கழன்று உள்ளே போனது, படகு மட்டும் திரும்பி வந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. ஒருவர் கோயிலுக்கு மேல்பாதையில் போனால் மற்றவர் கீழ்ப்பாதையில் போவார். இருவருக்கும் தலை நரைத்து, பல் விழுந்து, பேரப் பிள்ளைகள் ஒன்றாக ஆற்றில் குதித்து விளையாடியும் அந்த இஞ்சின் மட்டும் மேலே வரவில்லை.

கடைசியில் போதகர் நடுவில் நின்று, விலிகேசா திமிங்கலப் பல் கொண்டுபோய் அண்ணன் காலடியில் வைத்து மன்னிப்புக் கேட்பது என்று ஆனது. வீடியோவுக்கு உனைசியிடம் சொன்னவள் விலிகேசாவின் மகள். உனைசிக்கு அன்றைக்குப் பாடகர் போட்டி இருந்ததால் லைசெனியாவை மட்டும் ஒற்றைக் கேமராவோடு அனுப்ப முடிந்தது.

"ஓட ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி ஒரு தடவை கையைத் தட்டு. அந்தத் தட்டைப் பாத்து நான் முடிச்சுப் போட்டுக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள். உலகம் முழுக்க இந்த வேலைக்காரர்கள் செய்வதுதான் அது. ஆனால் சொன்ன அவளுக்கும் தோன்றவில்லை, கேட்ட அவனுக்கும் தோன்றவில்லை, நம் ஊரில் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் கையைத் தட்டுவது என்றால் என்னவென்று.

லைசெனியா உள்ளங்கையைக் குழித்து ஒரே தட்டாகத் தட்டினான், 'டொப்' என்று. பழகிய கை, அப்படித்தான் தட்டும். வீடு முழுக்க இருந்த பெரியவர்கள், யாரோ ஏதோ காணிக்கைக்கு மரியாதை செய்கிறான் என்று நினைத்து, எல்லாரும் சேர்ந்து பதிலுக்குத் தட்டினார்கள். அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இத்தனை பேர் தட்டியபின் சும்மா உட்காரலாமா? மன்னிப்புக் கேட்டுக் குனிந்து மறுபடியும் தட்டினான். அவர்களும் மறுபடி தட்டினார்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் இதே கூத்து. அபிசாய் வீட்டுக்காகப் பேசுகிற பெரியவர் கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அந்த ஆளை யாராவது புடிச்சு உக்கார வைங்கப்பா. இல்லேன்னா ஞாயித்துக்கெழம வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்போம்."

இதில் இன்னொரு கூத்து, அவனுடைய கேமராவில் மைக் கம்பி பாதிதான் செருகியிருந்தது. முகம் முழுக்க விழுந்தது, சத்தம் துளிகூட விழவில்லை.

சடங்கு ஒழுங்காகவே நடந்தது. பல்லை வாங்கிக்கொண்டதாக அந்தப் பேசுகிற பெரியவர்தான் சொன்னார். அபிசாய் பல்லைத் தொட்டார், முகர்ந்தார், கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். விலிகேசா முழங்காலால் நகர்ந்துபோய்த் தன் கையாலேயே அண்ணனுக்குச் சிரட்டையை நீட்டினார். அண்ணன் வாங்கினார், குடித்தார், எல்லாரும் மூன்று முறை தட்டினார்கள், முடிந்தது. அதற்குப் பிறகும் அண்ணன் மேல்பாதைதான், தம்பி கீழ்ப்பாதைதான்.

இரண்டு மாதம் கழித்து அபிசாய் போய்விட்டார்.

மூத்த மகன் செமெசா கறாராகச் சொன்னான்: "அப்பா பல்லை வாங்கினது போதகர் மொகத்துக்காக. அப்புறம் ஒரு வார்த்த பேசினாரா? சித்தப்பா வூட்டாளுங்க பாயைத் தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்கு வர வேண்டாம்."

நம் பக்கத்தில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. அண்ணன் குழியில் இறங்கும்போது தம்பி கயிற்றைப் பிடிக்கவில்லை என்றால், அவனை மட்டுமல்ல, அவன் பேரனையும் கேட்பார்கள். விலிகேசா ஊருக்கு வெளியே பஸ் நிழற்கூரையில், சாவு வீட்டுக்கு முறையாகக் கொடுக்கக் கொண்டுவந்த பாய்க்கட்டுகளோடு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "சிரட்டை குடுக்கறப்ப எங்கிட்ட மட்டும் சொன்னாரு. 'நான் போறப்ப வந்து என்னை எறக்கு'ன்னு. சத்தியமா சொன்னாரு." யார் நம்புவது?

உனைசிக்குப் போன் செய்து அவர் மகள் அழுதாள். "அக்கா, ரெக்கார்டர் பெரியப்பா பாய்லதான் இருந்துச்சு. அந்த ஒரு வரி இருந்தா எடுத்து அனுப்புங்கக்கா."

வரி இருந்தது. அடிக்குரலில் முணுமுணுப்பாக, யாருடையது என்று சொல்ல முடியாமல், ஆனால் இருந்தது. அன்றைக்கு ஒரு கல்யாணக்காரன் வேறு படியிலேயே நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். லைசெனியாவின் கைத்தட்டைப் படத்தில் பார்த்தாள், ரெக்கார்டரில் கேட்ட ஒரு தட்டில் முடிச்சைப் போட்டாள், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டாள்.

அது எந்தத் தட்டு என்று அவள் பார்க்கவில்லை.

செமெசா பார்த்தான். 'வந்து என்னை எறக்கு' என்று குரல் கேட்கிறது. அப்பா முகத்தைச் சிரட்டை மூடியிருக்கிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறார். எல்லார் போனுக்கும் அதை அனுப்பி, கூடவே தன் குரலில் ஒன்றும் அனுப்பினான்: "எங்கப்பா குடிச்சிக்கிட்டே பேசுவாராம்! கூலிக்கு அழறவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். கூலிக்குப் பொணத்தைப் பேச வெக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்."

அது உனைசியின் போனுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மச்சானைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தட்டு தட்டச் சொன்னா, ஊரையே தட்ட வெச்சிருக்கியேடா பாவி!"

"நீதானே தட்டச் சொன்ன? பெரியவங்க தட்டினா நான் என்ன பண்றது, சேப்பங்கெழங்கு மாதிரி உக்காந்திருக்கவா?"

"மைக் கம்பியைச் செருகினியே, அது என்ன, மாமியார் வூட்டுக் கதவா? பாதி தொறந்து வெச்சிட்டு வந்திருக்க!"

திட்டி முடித்ததும் கீழே போய்க் கல்யாணக்காரனை வீட்டுக்கு அனுப்பினாள். மேலே வந்து உட்கார்ந்தாள்.

சத்தமே இல்லாத படத்துக்குக் குரலைப் பொருத்த வேண்டும். கைத்தட்டு என்றால் அந்த வீடு முழுக்கக் கைத்தட்டு. சிரட்டைக்குச் சிரட்டை மூன்று, வந்தவன் போனவன் குனிந்து தட்டியது, லைசெனியாவின் திருவிளையாடல். எல்லாம் ஒரே குழிந்த சத்தம். எதை எதனோடு முடிச்சுப் போடுவது? வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அவள் தட்டுகிற கைகளை விட்டுவிட்டு, சரியாகத் தட்டத் தெரியாத கை ஒன்றைத் தேடினாள். பாடகர் குழுவில் நின்றவளுக்குத் தெரியும், எந்தக் கூட்டத்திலும் தப்பாகப் பாடுகிற ஒருத்தன் இருந்தே தீருவான்.

அகப்பட்டார். அபிசாயின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சாகியாசி. காது மந்தம். பக்கத்து ஆளின் கையைப் பார்த்துத்தான் அவர் தட்டுவது. அபிசாய் குடித்து முடித்த நேரம் பார்த்துப் பக்கத்து ஆள் தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தார். எல்லாரும் மூன்று தட்டி நிறுத்தினார்கள். சாகியாசியின் கைகள் நிதானமாக இன்னொரு முறை சேர்ந்தன. அபிசாய் மெதுவாகத் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

உனைசி ரெக்கார்டரை ஓடவிட்டாள். டொப், டொப், டொப். அமைதி. அப்புறம் தனியாக ஒரு டொப். யாரோ அடக்க முடியாமல் கெக்கலித்த சத்தம். முழு ஒலியிலும் அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

"சாகியாசி மாமா, உங்க வாயில சக்கரை போடணும்!" என்று கத்தினாள். கீழே ரொட்டிக்காரன் பயந்து மேலே பார்த்தான்.

அங்கே முடிச்சுப் போட்டு, ஓடவிட்டாள். சிரட்டை இன்னும் கையில்தான் இருக்கிறது, வாய்க்குப் போகவில்லை. அபிசாயின் உதடு ஒட்டுகிறது, குரலில் 'ப' வருகிறது. உதடு பிரிகிறது, குரல் திறக்கிறது. ஒரு மயிரிழை தள்ளவில்லை. லைசெனியா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. "மச்சான், இங்க பாரு. அந்த வரிக்கு முன்னாடியே வாய் அசையுது."

முன்னே போய், சத்தத்தைக் கூட்டி, மற்றவர் பேச்சைத் தணித்துக் கேட்டாள். முணுமுணுப்பு சொல்லாக ஆனது. கேட்டுவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயோ, இதை வெட்டிடு," என்றான் லைசெனியா. "அந்த ஒரு வரி போதும். வாயும் பொருந்திடுச்சு. அதை மட்டும் காட்டு."

"அசையுற வாய்க்குக் கொரல் குடுக்காம விட்டா, செமெசா சொன்னது நெசமாயிடும்டா."

"அப்ப அந்தக் கெழவர் பாயோட திரும்பிப் போவட்டும்ங்கறியா?"

லேப்டாப்பையும் ஒலிப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நிழற்கூரையில் இறங்கி, விலிகேசாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, முழுவதையும் காட்டினாள். பார்த்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமா, பாதிதானே சொன்னீங்க?"

"மீதிய எப்படிம்மா வெளிய சொல்லுவேன்?"

"காட்டவா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்."

கிழவர் பாய்க்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "காட்டு. பாதி அண்ணனை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்."

சாவு வீட்டு வாசலில் செமெசா நின்றான். "இங்கயும் படம் ஓட்ட வந்துட்டியா?"

உனைசியின் ஊருக்கும் வுனிசேய்க்கும் ஆதிகாலத்திலிருந்து கேலி முறை. பிணத்தின் முன்னாலும் கேலி பேசலாம், யாரும் கோபப்படக் கூடாது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஆமாண்டா, ஆத்தோரத் தவளைங்களா! எங்க ஊர்க்காரி வந்தா ஒக்காரச் சொல்றதுக்கும் உங்களுக்குப் பல்லு கொண்டாந்து வெக்கணுமா? நகரு." நகர்ந்துதான் ஆக வேண்டும். பெண்கள் கையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாயில் உட்கார்ந்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். "நான் முன்னாடி அனுப்பினது தப்பு. முடிச்சு தள்ளி விழுந்துடுச்சு. இப்ப பாருங்க. எதையும் வெட்டல. புடிச்சாலும் புடிக்கலன்னாலும் முழுசாப் பாருங்க."

திரையில் அபிசாய் சிரட்டையைக் கையில் வாங்கினார். தம்பியைப் பார்த்தார். உதடு அசைந்தது, வீடு முழுக்கக் குரல் வந்தது:

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. மன்னிக்கல. என் இஞ்சினை ஆத்துல விட்ட கை இது, செத்தாலும் மறக்க மாட்டேன். நான் போறப்ப வந்து என்னை எறக்கு. வேற எவனும் கயித்தைத் தொடக் கூடாது. என்னையாவது விட்டுடாம புடி, முட்டாப் பய."

பிறகு குடித்தார். மூன்று தட்டு. சாகியாசியின் ஒரு தட்டு. திரும்பி ஒரு பார்வை.

முதலில் செமெசாவின் தோள்தான் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார்கள், சிரித்துக்கொண்டிருந்தான். "'முட்டாப் பய'… எங்கப்பாதான். எவளாலயும் இதைச் செஞ்சு வெக்க முடியாது. எங்கப்பாவேதான்." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு உடைந்து அழுகையாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவன், வேறு யாரையும் அனுப்பாமல் தானே நடந்து நிழற்கூரைக்குப் போனான். சித்தப்பாவின் பாய்க்கட்டைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

அடக்கத்தன்று விலிகேசா கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. பெட்டி கீழே உட்கார்ந்த பிறகும் விடவில்லை. "சித்தப்பா, எறங்கிட்டாரு, விடுங்க" என்று செமெசாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். எதிர்ப்பக்கம் முக்காலி போட்டு நின்ற லைசெனியா அன்றைக்குக் கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம்தான் சந்தைப் பேச்சு கிளம்பியது. நல்ல விஷயத்தை ஊர் அப்படியே விட்டுவைக்குமா? அடுத்த வாரமே ஒருத்தன் படியேறி வந்து, செத்துப்போன மாமனார் தனக்குத்தான் தென்னந்தோப்பு என்று சொல்வது மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டான். அவன் எப்படி இறங்கிப் போனான் என்பதை ரொட்டிக்காரனைத்தான் கேட்க வேண்டும். கடைசி மூன்று படியைக் கால் படாமலே கடந்தானாம்.

போன சனிக்கிழமை மீன் வரிசையில் ஒரு பெண் உனைசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் ஈரம். "நீங்கதானேக்கா அபிசாய் தாத்தாவைத் தம்பிய மன்னிக்க வெச்சது? சாமி மாதிரி காரியம் பண்ணிட்டீங்க."

உனைசி கையை உருவிக்கொண்டாள். வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எவடி சொன்னா மன்னிச்சாருன்னு? அந்தக் கெழவன் மன்னிக்கவே இல்ல. திட்டித்தான் கூப்புட்டாரு. வாய் எங்க அசைஞ்சுதோ அங்க கொரலைக் கொண்டாந்து வெச்சேன், அவ்வளவுதான் என் வேலை. மொதல் தடவ வெச்சப்ப அதையும் தப்பாத்தான் வெச்சேன்."